கணப்பின் மேல் ஒரு கயிறு

லிங்கி எஸ்டேட் வீட்டு வாசற்படியில் அமர்ந்து தனலெட்சுமி கைப்பேசியை இரு கைகளாலும் பிடித்திருக்கிறாள். செம்பனை ஓலைகளுக்குள் புகுந்த வெயில் சிமெண்டுத் தரையில் அசைகிறது. திரைக்குள் ஜப்பான். பனிச்சறுக்குக் கட்டைகளோடு பகலெல்லாம் மலையேறி இறங்கிய மகள் லோகேஸ்வரி இப்போதுதான் மரக்குடிலுக்குத் திரும்பியிருக்கிறாள். இமையில் பனி உருகுகிறது. "ஏறும்போது கட்டைக்கு அடியில இத ஒட்டிக்கணும்மா, வழுக்காது." கணப்பின் மேல் கட்டிய கயிற்றில் அந்த நீளமான துணிப்பட்டைகள் காய்கின்றன. போகக் கூடாதென்று சொல்லி, அவள் கிளம்பிய நாளிலிருந்து அவளிடம் பேசாத அப்பா அமிர்தலிங்கம், குலை வெட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து வெறுங்காலில் போட்டிருந்த ரப்பர் சப்பாத்தைக் கழற்றுகிறார். ஸ்டோக்கினை, அந்தத் தடித்த காலுறையை, தேடிக் கிடைக்காமல் அப்படியே வேலைக்குப் போனவர்; குதிகாலில் கொப்புளம். "சும்மா பாருங்கலா," என்று தனலெட்சுமி திரையை அவர் பக்கம் திருப்புகிறாள். பட்டைகளுக்கு நடுவே, சிவப்புக் கோடு போட்ட அவருடைய தடித்த காலுறை தொங்குகிறது. லோகேஸ்வரி நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். எங்கோ ஒரு மட்டை விழுகிறது. அவர் குனிந்து பார்க்கிறார். "ஸ்டோக்கின் நெருப்புக்கு ரொம்பக் கிட்ட இருக்கு," என்கிறார் மனைவியிடம். "தள்ளித் தொங்கவிடச் சொல்லு. நாளைக்கும் ஏறணும்ல."