வேலூர் ரொட்டி

ரொட்டிப் பொட்டலத்தைப் பார்த்ததும் சம்பூர்ணம் வீறிட்டாள். ஓடிப்போய் அத்தை சகுந்தலாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"யாருக்கும்மா ஜொரம்?"

"யாருக்கும் இல்லடீ. சும்மா ஆசைக்கு வாங்கியாந்தேன்" என்றாள் வெள்ளையம்மாள். வேலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு அவள் முகத்தில் தெரிந்தது.

சகுந்தலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மலையில் ஆசைக்கு ரொட்டி வாங்குகிறவள் எங்கே இருக்கிறாள்? வீட்டில் யாராவது படுத்தால்தான் பஸ்ஸில் ரொட்டி ஏறி வரும். போன வருஷம் அவள் தம்பி, வெள்ளையம்மாளின் புருஷன் ராஜாக்கண்ணு, இருமி இருமிக் கிடந்தபோது விடாமல் வந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு போன அன்று மாடத்தில் பாதி ரொட்டி மிச்சம் இருந்தது. அன்றிலிருந்து அந்த வாசனை பட்டாலே குழந்தைக்குக் குமட்டல்தான்.

"தெரிஞ்சும் ஏன்டீ புள்ளைய வதைக்கிற?"

"பழகட்டும் அண்ணி. திருப்பத்தூர் ஆஸ்டல்ல காலையில ரொட்டிதானாம். அத நடத்துற மதலேனாள் சிஸ்டர் சொன்னாங்க."

ஆஸ்டலா! சகுந்தலாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாராவாரம் வேலூர்ப் பயணம். ராத்திரியில் குழந்தை பக்கத்தில் வந்தாலே, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "அத்தைகிட்ட போய்ப் படு" என்று விரட்டுகிறாள். ஊரில் ஜாடையாகப் பேசுவது பொய்யில்லை.

"எவன்டீ அவன்? ஆறு வயசுப் புள்ளைய ஆஸ்டல்ல தள்ளிட்டு எவனக் கட்டிக்கப் போற?"

வெள்ளையம்மாள் பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு துண்டை வெல்லக் காப்பியில் முக்கி வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். "அடடா! இன்னா ருசி, இன்னா ருசி!"

"உன்னைய டென்ட் கொட்டாய்ப் படத்துல சேத்துக்குவாங்க, போ" என்று சகுந்தலா முகத்தைச் சுளித்தாள். எட்டிப் பார்த்த குழந்தையும் அதே மாதிரி சுளித்தது.

"அண்ணி, ஒங்க மூஞ்சிய கொஞ்சம் அந்தாண்ட திருப்பிக்குங்களேன். அது ஒங்களப் பாத்துத்தான் செய்யுது."

சகுந்தலா திருப்பவில்லை. தம்பியின் ஒரே வாரிசு. அதை எவனோ ஒருத்தனுக்காக எங்கோ கொண்டுபோய்த் தள்ள விடுவாளா? ஒவ்வொரு வாரமும் ரொட்டி வந்தது. ஒவ்வொரு வாரமும் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு "உவ்வே" என்றாள். குழந்தையும் "உவ்வே" என்றது.

வெள்ளையம்மாளும் விடவில்லை. கையைத் தட்டிச் சிரித்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டித் தின்று காட்டினாள். அத்தையின் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த குழந்தை, ஒருநாள் முகர்ந்து பார்த்தது. அடுத்த வாரம் நக்கிப் பார்த்துத் துப்பியது.

அன்றைக்குச் சகுந்தலா தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம். குடத்தோடு திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். சம்பூர்ணத்தின் வாயெல்லாம் ரொட்டித் தூள்.

"இன்னொன்னு குடும்மா!"

வெள்ளையம்மாள் கடைசித் துண்டையும் நீட்டினாள். குழந்தை அதை வாங்கிக்கொண்டு வெளியே ஓடியதும், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

சகுந்தலா குடத்தை ணங்கென்று வைத்தாள். "அதான் செயிச்சிட்டியே, அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற? புள்ளைக்கு ஊட்டி ஊட்டிப் பழக்கிட்ட. இனிமே எவன் வூட்டுக்கு வேணா போ!"

வெள்ளையம்மாள் நிமிர்ந்தாள். குழந்தை காதுக்கு எட்டுமோ என்று ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டாள்.

"ரொட்டி அவளுக்கு வாங்குனது இல்ல, அண்ணி. டாக்டரு என்னைத் திங்கச் சொன்னது."