வேலாயுதர் கட்டாத வரி

“இணுவில் கந்தன் அறியச் சொல்லுறன், என்ரை வாயிலை வாற ஒரு சொல்லும் பொய்யில்லை. உம்மடை ஆக்கள் எங்கடை வீட்டு வேலைக்காரர். வித்தியாவை உமக்குத் தர ஏலாது.”

வித்தியாவின் அப்பா சோமசேகரம் சொல்லிவிட்டு மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

பெண் கேட்டுத் தனியாக வந்திருந்த பிரகலாதனுக்குத் தேநீர் கடதாசிக் கப்பில் வந்திருந்தது. அந்த வீட்டில் கண்ணாடிக் குவளைகளுக்குப் பஞ்சமில்லை. வித்தியா உள்ளே போய், நல்லதொரு குவளையாகப் பார்த்து எடுத்து வந்து, தேநீரை அதற்கு மாற்றி அவன் முன்னால் வைத்தாள்.

“வேலைக்காரர் எண்டதுக்கு என்ன அத்தாட்சி ஐயா?” என்றான் பிரகலாதன்.

“அத்தாட்சியோ? அந்தா, சுவரிலை தொங்குது.”

சட்டம் போட்ட கண்ணாடிக்குள் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பின் ஒரு பக்கம், தமிழாக்கத்தோடு தொங்கியது. வீடு வீடாகப் போய் ஆட்களையும் காணிகளையும் எழுதிவைத்த பதிவேடு அது. சோமசேகரம் இரண்டு தரம் கொழும்புக்கு அலைந்து பெற்ற பிரதி.

பிரகலாதன் எழும்பிப் போய் வாசித்தான்.

“வீட்டுக்காரர் வேலாயுதர். ஆண்பிள்ளைகள் ஏழு. வேலையாட்கள் இல்லை.”

“அந்த வேலாயுதரிலை இருந்து நேராய் வாற பரம்பரை நாங்கள்,” என்றார் சோமசேகரம்.

“ஆறாவது பிள்ளை வைரவன் எண்டு கிடக்கு. எங்கடை வழி அவரிலை இருந்துதான் வருது. அப்ப நாங்கள் சொந்தக்காரர் எல்லோ?”

சோமசேகரம் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

“சொந்தக்காரரோ? என்ன துணிவு ஐசே உமக்கு? வைரவன் வேலைக்காரன். ஏழும் வேலைக்காரர். வீட்டு வேலையாள் ஒருத்தனுக்கு இவ்வளவு எண்டு ஒல்லாந்தன் வரி வைச்சவன். எழுத வந்த அண்டைக்கு வேலாயுதர் என்ன செய்தவர் தெரியுமோ? ஏழு பேரையும் குளிக்கவார்த்து, புது வேட்டி கட்டி, வரிசையாய் நிக்கவைச்சு, ‘எல்லாம் நான் பெத்த பிள்ளையள்’ எண்டவர். அதிலை மூத்தவன் வேலாயுதரிலும் ரெண்டு வயது மூப்பு. ஒல்லாந்தன் தலையைச் சொறிஞ்சுகொண்டு எழுதிப்போட்டுப் போட்டான்.”

“ஏழு பேருமோ அப்பா? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ,” என்றாள் வித்தியா. “அதுக்குள்ளை ஒண்டாவது சொந்தப் பிள்ளை இருக்காதோ?”

“ஒண்டும் இல்லை. எந்தக் கோயிலிலை வேணுமெண்டாலும் சத்தியம் பண்ணுவன். வரியும் கட்டேல்லை, வேலையும் வாங்கினவர். அதுதான் எங்கடை ஆக்களின்ரை மூளை.”

“ஏழு மனிசரை ஒளிச்சு வைச்சுக் கூலியில்லாமல் மாரடிக்க விட்டதுக்குப் பேர் மூளையோ? அதைச் சட்டம் போட்டுச் சுவரிலை வேறை கொழுவியிருக்கிறியள்.”

“நீ கதையாதை.”

பிரகலாதன் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

“இது அதே தோம்பிலை அடுத்த பக்கம், ஐயா. வேலாயுதர் செத்த பிறகு எழுதினது. நீங்கள் இதை எடுக்கேல்லைப் போலை.”

சோமசேகரம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

வேலாயுதரின் காணி முழுவதும் அந்த ஏழு பேருக்கும் பிரித்து எழுதப்பட்டிருந்தது. அவர்களைத் தவிர, ஆணோ பெண்ணோ, அவருக்கு வேறு பிள்ளைகள் இல்லை.