அம்மாவின் சனிக்கிழமை

அம்மா மனநல ஆலோசகர். சனிக்கிழமைதோறும் மருத்துவமனையில் அவள் மனதைக் கழுவிவிடுவார்கள். அந்த வாரம் அவளிடம் யார் என்ன அழுது சொல்லியிருந்தாலும் பிறகு அவளுக்கு நினைவிருக்காது. அப்படி மறந்தால்தான் திங்கட்கிழமை மற்றவர்களின் துயரத்தைக் கேட்கத் தெம்பிருக்குமாம்.

இந்த ஞாயிறும் தெளிந்த முகத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஏன் ஸ்கூலுக்குப் போவ மாட்டேங்குத? ஜெபமலரோட சண்டையா? இரு, அவ வீட்டுக்கே போயி நான் பேசுதேன்."

எழுந்து செருப்பை மாட்டினாள். வாசலை மறித்துக்கொண்டு, ஜெபமலர் ஆற்றில் என் கையிலிருந்து நழுவிப் போனதை நான்காவது தடவையாகச் சொன்னேன். இந்த முறையாவது அழாமல் சொல்லிவிடப் பார்த்தேன். முடியவில்லை.

அம்மா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"இத்தனை நாளா இதை ஏன் மக்ளே எங்கிட்ட சொல்லல?"