பாண்டியன் மீன்

தொல்லியல் அதிகாரி பாறை மேல் குப்புறப் படுத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"இன்னாடி இது, படுத்துகினே தூங்கிட்டாரா?" என்றாள் கோவிந்தம்மா. ஊர் சிரித்தது. அதிகாரி எழுந்திருக்கவில்லை.

தொழிற்பேட்டைக்குப் போகும் புதுச் சாலை அந்தப் பாறை வழியாக வருகிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து அளந்துகொண்டு வந்தவர்கள் அதன் விலாவில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

பாறையின் முதுகில் இரண்டு மீன்கள் இருந்தன. கல்லில் செதுக்கியவை. அருகருகே.

இரட்டை மீன் என்றால் பாண்டியன் முத்திரை என்று சொன்னவர் பள்ளிக்கூடத்து வாத்தியார் சின்னதுரை. அரசாங்கத்துக்கு மனு எழுதியவரும் அவர்தான். மீன் பழையது என்று அதிகாரி சொன்னால் சாலை வளைந்து போகும். புதியது என்றால் தேசப்பன் பாறையை உடைப்பான்.

தேசப்பன் கல் மேஸ்திரி. உளியும் சுத்தியலுமாக வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். பெரிய மீசை. அதைத் தடவிக்கொண்டே இருந்தான்.

அவன் மனைவி சம்பூர்ணம் கஞ்சித் தூக்கோடு கூட்டத்தில் நின்றாள். வளைந்து போகட்டும், வளைந்து போகட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த மீன்களில் ஒன்று அவள் செதுக்கியது.

பழவேற்காட்டில் படகுத்துறைக்குக் கல் பதிக்க வந்த தேசப்பனோடு புறப்பட்டு வந்தவள் அவள். பதினெட்டு வருடம் ஆகிறது. அதன் பிறகு அவள் அப்பா வீட்டுக் கதவு திறக்கவில்லை.

முதல் வருடம் அவன் பள்ளிப்பட்டுப் பக்கம் இரண்டு மாதம் வேலைக்குப் போனான். அவனுடைய தேய்ந்த உளி ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் ஆடு மேய்க்கப் போனாள். தினம் கொஞ்சம். மீன் முடிந்த அன்று உளியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

அவனிடம் சொல்லவில்லை. வந்ததற்கு வருந்துகிறாள் என்று நினைத்துவிடுவான்.

அடுத்த பொங்கலுக்குள் பக்கத்தில் இன்னொரு மீன் இருந்தது.

யார் செதுக்கியது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் முதல் மீனைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

"எங்க மாமியாருக்கு மாமியாரு காலத்துலேருந்து இதுக்குக் கற்பூரம் ஏத்தறோம் சார்" என்றாள் கோவிந்தம்மா. சம்பூர்ணம் அவளை நன்றியோடு பார்த்தாள்.

அதிகாரி எழுந்து சட்டையைத் தட்டினார். ஜலாலுதீன் என்று பெயர் சொல்லியிருந்தார். ஈரத் துணியால் மீன்களைத் துடைத்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கடைசியாக விரல் நகத்தைக் கோட்டின் மேல் ஓட்டினார்.

"புது வெட்டு. ஓரம் இன்னும் மழுங்கலை. உள்ள கல்லு கறுக்கவே இல்லை. மிஞ்சினா இருபது வருஷம்."

"பாண்டியன் இல்லீங்களா?" என்றார் வாத்தியார்.

"பாண்டியன்தான்னா, உசுரோடதான் இருப்பாரு சார். ஊருக்குள்ள தேடிப் பாருங்க."

ஊர் மறுபடி சிரித்தது. பிறகு கலைய ஆரம்பித்தது. பாண்டியன் இல்லாத பாறையில் பார்க்க என்ன இருக்கிறது.

சம்பூர்ணம் தூக்கைக் கீழே வைத்தாள்.

ஜலாலுதீன் காகிதங்களை மடித்தபடி வாத்தியாரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு மட்டும் வேடிக்கை சார். இது ரெண்டு பேர் வேலை. இந்தப் பக்கம் இருக்கிறது மடவை, உப்புத்தண்ணி மீன். முதுகுல ரெண்டு துடுப்பு பாருங்க. நமக்குச் சொந்த ஊரு பழவேற்காடு, மடவை தப்பாது. செதுக்கினவங்களுக்கு உளி புடிச்சிப் பழக்கம் இல்லை. கல்லோட சண்டை போட்டிருக்காங்க."

"இன்னொண்ணு?"

"கெளுத்தி. குளத்து மீன். மீசையை எவ்வளவு ஆசையா வெட்டியிருக்கான்! கடல் மீனே பழக்கமில்லாத ஆளு. ஆனா கைதேர்ந்த ஆளு. கொத்து எல்லாம் எதிர்ப்பக்கத்துலேருந்து சாஞ்சி விழுந்திருக்கு. இடது கைக்காரன்."

வாத்தியார் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை.

சம்பூர்ணம் கேட்டாள்.

வேப்பமரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள். தேசப்பன் சுத்தியலை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டிருந்தான்.

பதினெட்டு வருடத்தில் அவன் வலது கையில் அவள் சுத்தியலைப் பார்த்ததில்லை.

ஜீப் போனது. வாத்தியார் போனார். தேசப்பன் பாறை மேல் ஏறி, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டான். கோடு இரண்டு மீன்களையும் சேர்த்துச் சுற்றி வந்தது. நடுவில் எங்கும் போகவில்லை.

"ஊட்ல தொவைக்கிற கல்லு தேஞ்சி பூட்ச்சி" என்றான், ஆகாயத்தைப் பார்த்து. "இத்த மொதல்ல பேத்துக்கலாம்னு."

அவள் பாறையருகே வந்து நின்றாள்.

அவன் கோட்டின் மேல் உளியை நிறுத்தினான். வலது கையால் ஓங்கி அடித்தான். சுத்தியல் உளியை விட்டு விலகி அவன் கட்டை விரலில் விழுந்தது.

சம்பூர்ணம் சிரித்தாள். நிறுத்த முடியவில்லை. பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தாள்.

"யோவ் கெளுத்தி" என்றாள். "பழகுன கையாலயே அடி. மடவை மேல பட்டுறப் போவுது."