இடது கை வெட்டு

வைத்திலிங்கம் இறந்த பிறகு, அவன் பங்குக் கரும்பை வெட்டிக் கொடுத்தால்தான் மனைவி பாக்கியம் தோட்டத்து வீட்டில் இருக்கலாம். அவன் கூட்டாளிகள் அப்பாசாமியும் ரொலானும் ஆளுக்கொரு நாளாக மாறி மாறி வெட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் பாக்கியம் அப்பாசாமிக்கு நன்றி சொன்னாள்.

“நான் வெட்டல அண்ணி. என் முறைக்குப் போறப்பல்லாம் வெட்டிக் கெடந்துச்சு. ரொலான்தான்.”

“நானா? நீதான்னு நெனச்சேன்,” என்றான் பக்கத்தில் நின்ற ரொலான்.

மூவரும் போய்ப் பார்த்தார்கள். ஒன்பது வரிசை வெட்டியிருந்தது. கட்டைகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்த வெட்டு. அந்தத் தோட்டத்தில் வைத்திலிங்கம் ஒருவன்தான் இடது கைக்காரன்.

இன்னும் ஒரு வரிசைதான் பாக்கி. அதற்கடுத்து அவள் வீட்டு வாசல்.

“இன்னிக்கு ராத்திரி நாங்க துணைக்கு இருக்கோம் அண்ணி.”

“வேணாம். ஆள் இருந்தா அவரு கூச்சப்படுவாரு.”

அவர்கள் போனதும் பாக்கியம் கதவைத் தாழிட்டாள். திறந்தாள். மறுபடி தாழிட்டாள்.