ஒரு பக்க வெளிச்சம்

போட்டோ ஸ்டுடியோவுக்கு வந்து, “என்னை அழகா எடுக்காதீங்க” என்று யாராவது கேட்பார்களா, நீங்களே சொல்லுங்கள்?

அன்றைக்கு ஒருத்தி கேட்டாள்.

போட்டோக்கார அக்கா வெளிச்சம் வைப்பதில் கெட்டிக்காரி. முன்னால் ஒரு குடை விளக்கு, மோவாய்க்குக் கீழே ஒரு வெள்ளை அட்டை. அவ்வளவுதான், கருவளையமும் பருக்குழியும் போன இடம் தெரியாது. வந்தவள் முகத்தில் இரண்டுமே தாராளமாக இருந்தன.

முதல் படத்தைத் திரையில் காட்டினாள் அக்கா. “பார்த்தியா? பத்து வயசைக் காணோம்!”

“நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா இது வேண்டாம். குடையைக் கழட்டிடுங்க. வெளிச்சம் ஒரே பக்கத்துலருந்து பளீர்னு அடிக்கட்டும். பின்னாடி கறுப்புத் துணி போடுங்க.”

“குழியெல்லாம் பள்ளம் பள்ளமா தெரியுமேம்மா!”

“தெரியட்டும்.”

“பாதி மூஞ்சி இருட்டாயிடும்.”

“அதுதான் வேணும்.”

“யாருக்கும்மா இந்தப் படம்? வேண்டாதவங்களுக்கா?”

“வீட்டுல மாட்டறதுக்கு. பெரிசா வேணும்.”

சரியான சினிமாப் பைத்தியம் என்று முடிவுகட்டினாள் அக்கா. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“இதோ பாரு, படத்துக்குக் கீழே என் ஸ்டுடியோ பேர் இருக்கும். பார்க்கிறவங்க என்னைத்தான் காறித் துப்புவாங்க.”

“அப்போ பேரைப் போடாதீங்கக்கா.”

இவளிடம் பேசிப் பயனில்லை. முணுமுணுத்துக்கொண்டே குடையைக் கழற்றினாள் அக்கா. அட்டையை எடுத்தாள். கறுப்புத் துணியை இழுத்துவிட்டாள். விளக்கைப் பக்கவாட்டில் நிறுத்தி அடுத்த படத்தை எடுத்தாள்.

வந்தவள் கைப்பையிலிருந்து ஒரு மங்கலான பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். இரண்டாக மடித்துக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

“ஊஹூம். மூக்கு எங்கேன்னே தெரியலை. இன்னொண்ணு எடுங்கக்கா.”

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “கவரைக் கண்ணுல ஒட்டிக்கிட்டா எப்படித் தெரியும்? எனக்கு வேற வேலை இல்லைன்னு நினைச்சியா?”

அவள் கவரை இறக்கினாள்.

“என் பையனுக்கு இப்படித்தான்க்கா தெரியுமாம். பிறந்ததுலருந்தே பார்வை குறைவு. கறுப்பும் வெள்ளையும் பளிச்சுனு பிரிஞ்சிருந்தா மட்டும்தான் அவனுக்குப் பிடிபடும்னு கண் டாக்டர் சொன்னாங்க. படத்துல பழகிட்டா, நேர்லயும் மெதுவா கண்டுபிடிச்சுடுவானாம்.”

அக்கா கேமராவைக் கீழே வைத்தாள்.

“அவனுக்கு எட்டு மாசம் ஆச்சுக்கா. என் குரலைக் கேட்டா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறான். என் மூஞ்சியைப் பார்த்து இன்னும் ஒரு தடவைகூடச் சிரிக்கலை. சிரிக்க வைக்காம நான் விடப்போறதில்லை.”

அக்கா விளக்கை இன்னும் கிட்டே உருட்டி வந்தாள். எதிர்ப்பக்கம் ஒரு கறுப்புப் பலகையை நிறுத்தினாள். மூக்கின் நிழல் கத்தி வெட்டினாற்போல விழுந்தது. படம் எடுத்தாள். கவரை வாங்கித் தன் கண்ணில் வைத்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். விளக்கைக் கொஞ்சம் உயர்த்தி மறுபடி எடுத்தாள். மறுபடி கவர், மறுபடி விளக்கு. இப்போது “போதும்க்கா” என்று சொன்னவள் வந்தவள்தான்.

அக்கா கவரை மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

“நாளைக்கு உன் பையனையும் தூக்கிட்டு வாம்மா. எந்தப் படம் நல்லா இருக்குன்னு அவன் சிரிச்சுச் சொல்லட்டும்.”