இரண்டு பக்கப் பலகை

2022 ஜூன் 14, காலை பதினோரு மணிக்கு, குடிநீர் வாரிய அலுவலகத்தின் மாடியில் ஒரு மேல்முறையீட்டு விசாரணை நடந்தது. மனு கொடுத்தவள் செங்கமலம். அவள் மகள் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுபவர் பொறியாளர் தணிகாசலம். அந்தத் தண்ணீர் சுத்தமானது என்று சான்று எழுதியவரும் அவரே. அதை எதிர்த்துத்தான் மனு. விசாரிக்க வந்தவரும் தணிகாசலம்தான். கையோடு கொண்டுவந்த பெயர்ப்பலகையை மேஜையில் வைத்து, ‘பொறியாளர்’ என்ற பக்கத்தைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு ‘மேல்முறையீட்டு அலுவலர்’ தெரிந்தது.

“சார், உங்க மேலதானே புகாரு?”

“அது கீழ் ரூம்ல இருக்கறவர்மா. இங்க நான் வேற.”

“அப்ப, அந்தாளு விட்ட தண்ணிய நீங்க மோந்து பாருங்க.”

கொண்டுவந்த பாட்டிலின் மூடியைத் திறந்தாள். சாக்கடை நாற்றம் அறையெங்கும் பரவியது. கலங்கலுக்குள் ஒரு சிவப்புப் புழு நெளிந்தது. பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எழுத்தர் ஜன்னலுக்கு ஓடினார். தணிகாசலம் கைக்குட்டையால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடைத்த குரலில் சொன்னார்: “எழுதிக்கய்யா. துர்நாற்றம் எதுவும் உணரப்படவில்லை.”

“புழு, சார்?” என்றார் எழுத்தர்.

“மனுவுல நாத்தம்னுதானே இருக்கு?”

மனு தள்ளுபடியானது. மாலை ஆறு மணிக்கு அவள் தெருவில் வழக்கம்போலத் தண்ணீர் விட்டார்கள்.